கடலுக்குக் காது வைத்தவர் மார்க்கோனி

மார்க்கோனி என்றால் நமக்கெல்லாம் ஒரு மார்க் கேள்வி. வானொலியைக் கண்டுபிடித்தவர் யார் என்று சின்ன வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நாமும் எழுதிக்கொண்டே வருகிறோம். அந்த ஒரு மார்க்குக்கு மேல் அவரைப் பற்றி ஒண்ணும் தெரியாது. கம்யூனிகேஷன் பேப்பருக்குப் படிக்கிறபோதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. இந்த மனிதரின் வாழ்க்கையில் முக்கியமான பாதி கடலில்தான் நடந்திருக்கிறது. கப்பல், விளக்குக் கப்பல், பாய்ப்படகுப் போட்டி, கடைசியில் சொந்த உல்லாசக் கப்பல். பாடப்புத்தகம் அதைச் சொல்லவில்லை.

நான் கடற்கரை ஊர்க்காரன். எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, சித்தப்பாமார் எல்லாரும் கடல் தொழில். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறின முதல் ஆள் நான்தான். ஆகவே சங்க மலருக்கு யாராவது ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுது என்று சொன்னதும் எனக்கு யோசனையே வரவில்லை, இவரை எடுத்துக்கொண்டேன்.

குலியெல்மோ மார்க்கோனி 1874-ம் ஆண்டு ஏப்ரல் 25-ம் தேதி இத்தாலியில் பொலோனா நகரில் பிறந்தார். அப்பா ஜுசெப்பே நிலபுலன் உள்ளவர். அம்மா ஆனி ஜேம்சன் அயர்லாந்துக்காரி, பேர்போன ஜேம்சன் விஸ்கி குடும்பத்துப் பெண். காசுக்குக் கஷ்டமில்லாத வீடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழையாகப் பிறந்து தெருவிளக்கில் படித்து முன்னேறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அது உண்மை இல்லை.

உண்மையான சமாச்சாரம் வேறே. அவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் வாங்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்போல இருந்த அகுஸ்தோ ரீகி என்கிற இயற்பியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வர மட்டும் அனுமதி கிடைத்தது. 1894-ல் மின்காந்த அலைகளை நிரூபித்துக் காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 36 வயதிலேயே இறந்துபோனார். அவரைப் பற்றிப் படித்த இருபது வயது மார்க்கோனிக்கு, இந்த அலையை வைத்துக் கம்பி இல்லாமல் தந்தி அடிக்கலாமே என்று தோன்றியது. பொந்தெக்கியோ என்ற ஊரில் இருந்த தங்கள் வீட்டு மாடி அறையில் வேலையைத் தொடங்கினார்.

அவர் கையில் இருந்தது என்ன? ஸ்பார்க் கேப், இண்டக்ஷன் காயில், மோர்ஸ் கீ, பேட்டரி, அப்புறம் கோஹீரர். கோஹீரர் என்றால் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் உலோகத் தூள். அலை வந்து பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு கரண்ட் பாயும். ஒரு சின்னச் சுத்தி தட்டினால் தூள் பிரியும், அடுத்த சிக்னலுக்குத் தயார். நம் லேபில் செய்துபார்க்கக்கூடிய காரியம்தான். இதில் எதையும் அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 1895-ல் ஒரு வேலை செய்தார். டிரான்ஸ்மிட்டரின் ஒரு முனையை உயரமான கம்பியில் தூக்கிக் கட்டி, மறுமுனையை மண்ணில் புதைத்தார். ஏரியலும் எர்த்தும்! அறைக்குள் அடங்கிக் கிடந்த சிக்னல் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஓடியது. நடுவில் ஒரு குன்று. குன்றுக்கு அந்தப் பக்கம் ரிசீவரோடு அண்ணன் அல்ஃபோன்சோ. சிக்னல் கிடைத்தால் துப்பாக்கியால் ஒரு வெடி வைக்கணும் என்பது ஏற்பாடு. வெடிச் சத்தம் கேட்டது.

1896-ல் அம்மா அவரை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார். அந்த ஆண்டு ஜூன் 2-ம் தேதி பேட்டண்ட் மனு. அந்த நாட்டுத் தபால் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் ஆதரவு கொடுத்தார். 1897-ல் பிரிஸ்டல் கால்வாயில் கரையிலிருந்து தீவுக்குச் செய்தி போனது. அதே வருஷம் சொந்தக் கம்பெனி. வயது 23!

இங்கே நம் நாட்டு ஜகதீஷ் சந்திர போஸை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. மார்க்கோனி மாடி அறையில் இருந்த அதே நாட்களில் கல்கத்தாவில் போஸ் மில்லிமீட்டர் அலைகளை வைத்துப் பொதுமக்கள் முன்னால் மணி அடித்துக் காட்டினார். பாதரசம் வைத்த ஒருவகைக் கோஹீரரைப் பற்றி 1899-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையும் கொடுத்தார். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் சோதனைக்குக் கொண்டுபோன கருவிகளில் இத்தாலியக் கடற்படை நண்பர் கொடுத்த பாதரசக் கோஹீரரும் இருந்தது. அதன் மூலம் போஸின் கருவியே என்று 1998-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை விரிவாக வாதாடியது. 1943-ல், மார்க்கோனி இறந்த பிறகு, அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவருடைய ஒரு முக்கியமான டியூனிங் பேட்டண்டின் பெரும்பகுதி செல்லாது, மற்றவர்கள் முன்னமே செய்தது என்று தீர்ப்பளித்தது. ஆக, ரேடியோவைக் கண்டுபிடித்தவர் யார் என்ற ஒரு மார்க் கேள்வியே சரியான கேள்வி இல்லை என்பது என் கருத்து. ரேடியோவைக் கடலுக்குக் கொண்டுபோனவர் யார் என்று கேட்டால், அதற்கு மார்க்கோனி என்று எழுதலாம்.

ஏன் கடல்? தரையில் ஏற்கனவே கம்பித் தந்தி இருந்தது. ஊருக்கு ஊர் கம்பம் நட்டாயிற்று. கடலில் கம்பம் நட முடியுமா? துறைமுகத்தை விட்ட கப்பல் அடுத்த துறைமுகம் சேரும்வரை இருக்கிறதா, முங்கிவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. இந்த இடம் காலியாக இருக்கிறது என்பதை மார்க்கோனி சட்டென்று பிடித்துக்கொண்டார்.

முதல் பெரிய காட்சி ஒரு பாய்ப்படகுப் போட்டி. 1898 ஜூலையில் டப்ளின் அருகே கிங்ஸ்டவுன் துறைமுகத்தில் பந்தயம் நடந்தது. மார்க்கோனி ஒரு இழுவைக் கப்பலில் கருவியோடு ஏறிக்கொண்டு, எந்தப் படகு முந்துகிறது என்று கரைக்கு அடித்துக்கொண்டே இருந்தார். 700-க்கு மேல் செய்திகள் போனதாகக் கணக்கு. கரையில் பத்திரிகை அலுவலகம் அதை வாங்கி அன்றே அச்சடித்தது. நம் ஊரில் வள்ளப் போட்டிக்கு மைக் செட் கட்டி வர்ணனை சொல்லுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடுத்த மாதமே நடந்தது எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். விக்டோரியா ராணியின் மகன், வேல்ஸ் இளவரசர், மாடிப்படியில் விழுந்து முழங்காலில் அடிபட்டிருந்தார். ஓய்வுக்காக ஒயிட் தீவுக் கரை ஓரம் அரச உல்லாசக் கப்பலில் தங்கியிருந்தார். ராணியோ தீவில் இருந்த மாளிகையில். பிள்ளைக்குக் கால் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளணும், ராணியாக இருந்தாலும் தாய் தாய்தானே. மார்க்கோனியைக் கூப்பிட்டார்கள். மாளிகையில் ஒரு ஏரியல், கப்பல் பாய்மரத்தில் ஒரு ஏரியல். பதினாறு நாளில் சுமார் 150 செய்திகள். அவற்றில் முக்கியமானவை இளவரசரின் முழங்கால் பற்றிய வைத்தியர் குறிப்புகள். கடலில் இருக்கும் ஒரு நோயாளியின் நிலைமை ரேடியோ வழியாகக் கரைக்கு வந்தது அப்போதே ஆரம்பித்துவிட்டது! இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

1898 டிசம்பரில் ஈஸ்ட் குட்வின் விளக்குக் கப்பலில் கருவி வைத்தார்கள். கலங்கரை விளக்கம் கட்ட முடியாத மணல்திட்டு ஓரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் அது. 1899 ஏப்ரல் 28-ம் தேதி மூடுபனியில் வந்த ஒரு கப்பல் அந்த விளக்குக் கப்பல் மேலேயே மோதியது. ரேடியோவில் உதவி கேட்டார்கள், கரையிலிருந்து உயிர்காப்புப் படகு புறப்பட்டது. அதுவரை வேடிக்கைப் பொருளாகப் பார்த்தவர்களும் அதற்கப்புறம் வேறு கண்ணால் பார்த்தார்கள்.

1901 டிசம்பர் 12 எல்லாருக்கும் தெரிந்த தேதி. இங்கிலாந்தின் போல்டுவில் இருந்து அனுப்பிய எஸ் என்ற எழுத்தின் மூன்று புள்ளிகளை அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில், பட்டம் தூக்கிப் பிடித்த ஏரியலில் காதால் கேட்டதாகச் சொன்னார். சுமார் 3,400 கிலோமீட்டர். காதால் கேட்டது என்பதால் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அவர் சண்டைக்குப் போகவில்லை. 1902 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா என்ற கப்பலில் ஏறி, போகிற வழியெல்லாம் சிக்னலை நாடாவில் பதிவு பண்ணிக் கப்பல் அதிகாரிகளைச் சாட்சி வைத்துக் காட்டினார். இரவில் 2,000 மைலுக்கு மேல் எட்டியது, பகலில் 700 மைல்தான். பகலுக்கும் ராத்திரிக்கும் ரேடியோ அலை வித்தியாசமாகப் போகும் என்பது அந்தக் கப்பல் பயணத்தில்தான் தெரியவந்தது. இன்றைக்கு நாம் அயனோஸ்பியர் என்று ஐந்து மார்க் எழுதுகிறோமே, அது.

இனி நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. கருவியை விற்றால் போதாது என்று மார்க்கோனிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் கம்பெனி செட்டைக் கப்பலுக்கு வாடகைக்குக் கொடுத்தது, கூடவே ஆளையும் அனுப்பியது. அந்த ஆள் கம்பெனிச் சம்பளக்காரன், கம்பெனியிலேயே பயிற்சி பெற்றவன். 1901-லேயே இங்கிலாந்தில் ஃப்ரிண்டன் என்ற கடற்கரை ஊரில் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சாதாரண வீட்டுப் பையன்கள். மோர்ஸ் வேகம் பழகணும், செட் ரிப்பேரானால் நடுக்கடலில் தனியாகச் சரிபண்ணணும். கிட்டத்தட்ட நம் டிப்ளமோதான்!

இதில் ஒரு கறுப்புப் புள்ளியும் உண்டு. மார்க்கோனி கம்பெனி ஆபரேட்டர்கள் வேறு கம்பெனி செட் வைத்த கப்பலோடு பேசக்கூடாது என்று உத்தரவு இருந்தது. வியாபாரத் தந்திரம். கடலில் இதைச் செய்யலாமா? உலக நாடுகள் கோபப்பட்டு 1903-லும் 1906-லும் பெர்லினில் கூடிப் பேசி, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லணும் என்று முடிவு பண்ணின. எஸ்.ஓ.எஸ். என்ற அபாயக் குறியை உலக நாடுகள் ஏற்றுக்கொண்டதும் அந்த 1906 மாநாட்டில்தான். அதற்கு முன் 1904-லிருந்து மார்க்கோனி ஆட்கள் சி.க்யூ.டி. என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

1909 ஜனவரியில் அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூடுபனியில் ரிபப்ளிக் என்ற கப்பல் மீது இன்னொரு கப்பல் மோதியது. ஆபரேட்டர் ஜாக் பின்ஸின் அறைச் சுவரே பிய்ந்துபோனது. மெயின் கரண்ட் இல்லை, வெளிச்சம் இல்லை, குளிர். பேட்டரியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக அடித்துக்கொண்டே இருந்தார். மோதலில் இறந்த சிலரைத் தவிர இரண்டு கப்பலிலும் இருந்த சுமார் 1,500 பேரும் பிழைத்தார்கள். அதே ஆண்டில் மார்க்கோனிக்கு ஜெர்மனியின் பிரவுனோடு சேர்த்து இயற்பியல் நோபல் பரிசு. பட்டம் இல்லாதவருக்கு நோபல்!

பிறகு 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக். படம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். படத்தில் பாட்டும் காதலும் தெரிந்த அளவுக்கு ரேடியோ அறை தெரியவில்லை. அந்த அறையில் இருந்த இரண்டு பேரும் மார்க்கோனி கம்பெனி ஆட்கள். ஜாக் ஃபிலிப்ஸுக்கு வயது 25, ஹரால்டு பிரைடுக்கு 22. பக்கத்தில் சில மைல் தூரத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றது. அதில் இருந்தது ஒரே ஆபரேட்டர், வயது 20. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பதினொன்றரை மணி வாக்கில் செட்டை அணைத்துப் படுத்துவிட்டான். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 11.40-க்கு. பத்தே நிமிஷம்! அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு கப்பலுக்கு ஒரே ஆள் என்றால் அவன் எப்போதுதான் தூங்குவது? மறுபக்கம் 58 மைல் தள்ளி இருந்த கார்பேத்தியாவின் ஆபரேட்டர் ஹரால்டு காட்டமுக்கு 21 வயது. அவரும் படுக்கத்தான் போனார், ஆனால் காதில் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. அந்தக் காது கேட்டதால் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிர்பிழைத்தார்கள். 1,500 பேர் போனார்கள். ஃபிலிப்ஸும் போனார்.

மார்க்கோனி அப்போது நியூயார்க்கில் இருந்தார். கார்பேத்தியா துறைமுகம் வந்ததும் நேராகக் கப்பலில் ஏறி ரேடியோ அறைக்குப் போனார். பிரைடு கால்கள் பாதிக்கப்பட்ட நிலையில், கட்டுப் போட்டுக்கொண்டு, இன்னும் கீயைத் தட்டிக்கொண்டிருந்தார். பிழைத்தவர்களின் பெயர்களை வீட்டாருக்கு அனுப்பும் வேலை. அந்த அறையில் முதலாளியும் தொழிலாளியும் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

இரண்டு வருஷம் கழித்து, 1914 ஜனவரியில், லண்டனில் கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பயணிகள் கப்பல்களில் ரேடியோவை 24 மணி நேரமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கணும் என்ற விதி அங்கே வந்தது. கருவி 1899-லேயே உயிர் காத்தது, விதி வர இத்தனை வருஷமும் இத்தனை பிணமும் வேண்டியிருந்தது.

மார்க்கோனியின் சொந்த வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1905-ல் ஒரு கல்யாணம், அது நிலைக்கவில்லை. 1912-ல் கார் விபத்தில் வலது கண் போயிற்று. 1927-ல் இரண்டாவது கல்யாணம். 1923-ல் முசோலினியின் பாசிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், பதவிகளும் பட்டமும் வாங்கினார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியில்லை. 1927-ல் அவருடைய சிற்றலை பீம் முறையில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் ரேடியோத் தந்தி தொடங்கியது, அதற்கு இந்திய நிலையங்கள் பூனா வட்டாரத்தில் இருந்தன.

1919-ல் அவர் வாங்கிய உல்லாசக் கப்பலின் பெயர் எலெட்ரா. பார்க்கிறவர்களுக்கு அது பணக்காரர் விளையாட்டு, அவருக்கு மிதக்கிற லேப். 1930 மார்ச் 26-ம் தேதி ஜெனோவா துறைமுகத்தில் எலெட்ராவில் இருந்தபடியே ஒரு சிக்னல் அனுப்பி, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மண்டபத்து விளக்குகளை எரியவைத்தார். அதே ஆண்டில் பிறந்த மகளுக்கும் எலெட்ரா என்றே பெயர்.

அந்தப் பகட்டைவிடப் பெரிய காரியம் 1935-ல் ரோமில் நடந்தது. குய்தோ குய்தா என்ற மருத்துவர், டாக்டர் இல்லாத கப்பல்களுக்கு ரேடியோ வழியாக இலவசமாக வைத்தியம் சொல்ல ஒரு மையம் தொடங்கினார். எந்த நாட்டுக் கொடி என்று பார்ப்பதில்லை. அதன் முதல் தலைவர் மார்க்கோனி. ராணி மகனின் முழங்காலுக்குக் கிடைத்த வசதி முப்பத்தேழு வருஷம் கழித்துக் கப்பலில் கரி அள்ளுகிறவனுக்கும் கிடைத்தது. அந்த மையம் இன்றும் ரோமில் வேலை செய்கிறது.

இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் ரோமில், நோயாளி நடுக்கடலில். டாக்டருக்குக் கண்ணும் கையும் கப்பலில் இருக்கிற ஆள்தான். நாடி நிமிஷத்துக்கு எத்தனை, மூச்சு எத்தனை, காய்ச்சல் எவ்வளவு, வலி எந்தப் பக்கம், ரத்தம் நின்றதா இல்லையா என்று அவன் பார்த்துச் சொல்லணும். முதலுதவி தெரியாதவன் கையில் மைக் கொடுத்தால் ஐயோ ஐயோ என்றுதான் சொல்லுவான். ரேடியோப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் இரண்டு தனித்தனிப் பாடம் இல்லை. இரட்டைப் பிள்ளைகள்.

மார்க்கோனி 1937 ஜூலை 20-ம் தேதி ரோமில் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு மரியாதையாகப் பல நாட்டு ரேடியோ நிலையங்கள் இரண்டு நிமிஷம் ஒலிபரப்பை நிறுத்தின. எலெட்ரா இரண்டாம் உலகப் போரில் குண்டுபட்டு அழிந்தது, அதன் துண்டுகள் இத்தாலியில் பல இடங்களில் இருக்கின்றன.

வாழ்க்கை வரலாறு இங்கே முடிகிறது. ஆனால் நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று சொன்னாலே போதும், உங்களில் பாதிப் பேருக்கு ஒரு முகமாவது ஞாபகம் வரும். புயல் எச்சரிக்கை வருவதற்கு எத்தனையோ நாள் முன்னமே விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போய்விட்டன. பல படகுகளில் வி.எச்.எஃப். செட் இருந்தது. இருந்து என்ன? கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஏரியல்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். படகில் 4 மீட்டர், கரையில் 36 மீட்டர் டவர் என்றால் 33 கிலோமீட்டர், அதாவது சுமார் 18 கடல்மைல். இரண்டு படகுக்கு நடுவில் என்றால் 16 கிலோமீட்டர்தான். நம் ஆட்கள் போனதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லி, அது அடுத்ததுக்குச் சொல்லி, சங்கிலி மாதிரி வந்தால்தான் உண்டு. சங்கிலியில் ஒரு கண்ணி செட்டை அணைத்திருந்தால் அதோடு சரி. கலிஃபோர்னியன் கதைதான்.

ஒக்கிக்கு அப்புறம் சேட்டிலைட் போன், டிரான்ஸ்பாண்டர் என்று கருவிகள் வந்திருக்கின்றன. நல்லது. கருவி வந்தது போல் பழக்கம் வந்ததா என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க அபாயத்துக்கும் அழைப்புக்கும் உள்ள அலைவரிசை. உயிருக்கு ஆபத்து என்றால் மேடே என்று மூன்று தடவை, பிறகு படகுப் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். அவசரம், ஆனால் உடனே உயிர் போகாது என்றால் பான் பான். இதை எங்கள் அப்பாவுக்கு நான்தான் இந்த வருஷம் எழுதிக்கொடுத்தேன். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர்.

பொழுதுபோக்குக்குப் பாய்ப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட ஏற்பாடு ஜாஸ்தி. இங்கிலாந்தில் சொந்தப் படகில் வி.எச்.எஃப். இயக்கவே சான்றிதழ் வேண்டும், அதற்கு ஒரு நாள் வகுப்பு நடத்துகிறார்கள். கடல் முதலுதவிக்குத் தனியாக ஒரு நாள். பக்கத்துக் கேரளத்தின் கமாண்டர் அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில் உலகைத் தனியாகச் சுற்றும் பாய்ப்படகுப் போட்டியில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு அடிபட்டு எழ முடியவில்லை. ஆனாலும் தன் நிலைமையைச் சுருக்கமாக, தெளிவாகச் செய்தியாக அனுப்பினார். மூன்று நாளில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. 2023-ல் அதே போட்டியில் திரும்பப் போய் இரண்டாவதாக வந்தார். பொழுதுபோக்குக்குப் போகிறவனுக்கு இரண்டு நாள் பயிற்சி உண்டு, பிழைப்புக்குப் போகிறவனுக்கு இல்லை என்றால் அது என்ன கணக்கு?

அதனால் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். செமஸ்டர் லீவில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமை இந்தத் தடவை ஏதாவது ஒரு கடற்கரை ஊரில் வைப்போம். மீன்பிடித் தடைக்காலமாக இருந்தால் படகெல்லாம் கரையில் நிற்கும், ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன், ஜூலை. முதல் நாள் ரேடியோ: எலக்ட்ரானிக்ஸ் பிரிவு பொறுப்பு. ஏரியல் கனெக்டரில் உப்பு பூத்தால் எப்படிச் சுத்தம் பண்ணுவது, பேட்டரியை எப்படி உயரத்தில் கட்டுவது, மேடே எப்படிச் சொல்லுவது. இரண்டாம் நாள் முதலுதவி: அதற்குத் தகுதியான பயிற்றுநரைக் கூப்பிடணும், நாம் வாத்தியார் வேலை பார்க்கக்கூடாது. ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, தண்ணீரில் முங்கினவனுக்கு முதலில் மூச்சுக் கொடுப்பது, திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்கி வைப்பது. சாயங்காலம் இரண்டையும் சேர்த்து ஒரு ஒத்திகை. ஒருத்தன் படகில் காயம்பட்டவனாகப் படுக்கணும், இன்னொருத்தன் அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசணும், கரையில் ஒருத்தன் எழுதணும். ஒத்திகைக்குச் சேனல் 16-ஐத் தொடக்கூடாது, அது நிஜ அபாயத்துக்கு மட்டும். செட்டை ஆன் பண்ணாமலே பேசிப் பழகலாம்.

கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. முகாமுக்கு வர விருப்பம் உள்ளவர்கள் இரண்டாமாண்டு எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் பெயர் கொடுக்கலாம். என் அப்பா தன் படகைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், காயம்பட்டவனாகப் படுக்கவும் அவரே தயார்.